உருகினால் உருகட்டும்

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாக்லேட் கட்டியைப் போர்ட் பிளேரில் ஒரு சாப்பாட்டு மேசைமேல் வைத்துப் பாருங்கள். நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அதன் மேல் பொடிப்பொடியாக வியர்த்துவிடும். துடைத்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தால், இரண்டொரு நாளில் மேலே வெள்ளை படிந்திருக்கும். நாக்கில் பட்டால் நறநறக்கும். பூஞ்சை பிடித்துவிட்டது என்று குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. பாவம், அது பூஞ்சையே இல்லை. காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்த பரப்பில் படிந்து, மேலாக இருந்த சர்க்கரையைக் கரைத்திருக்கிறது. பிறகு தண்ணீர் காய்ந்து போக, சர்க்கரை மட்டும் படிகமாக அங்கேயே தங்கிவிட்டது. ஃப்ரிட்ஜே வேண்டாம் என்று அலமாரியில் வைத்தாலும் வெள்ளை வரும், ஆனால் அது வேறு வெள்ளை. பகலில் இளகிய கொழுப்பு மறுபடி இறுகும்போது மேலே வந்து படிகிறது. அது நறநறக்காது, விரலில் வழவழக்கும். இரண்டையும் தாராளமாக உருக்கிச் சாப்பிடலாம்.

அந்தமானில் சாக்லேட் படும் பாட்டுக்குக் காரணம் எளிது. சாக்லேட்டுக்குக் கட்டித்தன்மை தருவது கோகோ வெண்ணெய். அது நல்ல முறையில் இறுகியிருந்தால் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் உருகும். உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பதால்தான் வாயில் வைத்ததும் கரைகிறது. ஆனால் உருகுவதற்கு வெகு முன்பே, 28 டிகிரியைத் தாண்டும்போதே இளக ஆரம்பித்துவிடும். தீவுகளில் பகல் வெப்பம் ஆண்டு முழுக்க 30 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. இரண்டு பருவக்காற்றும் மழை கொண்டுவருகின்றன, ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். அச்சில் ஊற்றிப் பளபளவென்று எடுக்கும் சாக்லேட்டுக்கு 20 டிகிரியை ஒட்டிய, ஈரமில்லாத அறை வேண்டும். ஏசி இல்லாத வீட்டில் அதற்கு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

உருகிய நிலையிலேயே சாப்பிடும் சாக்லேட் பலகாரம் ஒன்று இருக்கும்போது எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்? அதுதான் ஃபாண்டூ. ஒரு பாத்திரத்தில் சூடான குழம்பாகச் சாக்லேட், சுற்றிலும் பழத்துண்டும் ரொட்டியும், ஆளுக்கொரு குச்சி. வேர்க்கடலை வெண்ணெயும் சேர்ந்தால் வயிறும் நிறைகிறது. இந்தத் தீவுகளின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இதைவிடப் பொருத்தமான சாக்லேட் பலகாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

பிறந்த ஊர் மட்டும் முற்றிலும் வேறு. ஃபாண்டூ சுவிட்சர்லாந்துக் குளிரின் சாப்பாடு. பாலாடைக்கட்டியை வெள்ளை ஒயினில் உருக்கி, நீண்ட முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தித் தோய்த்துச் சாப்பிடுவார்கள். 1930-களில் அந்நாட்டுப் பாலாடைக்கட்டிச் சங்கம் விளம்பரம் செய்து செய்தே அதைத் தேசிய உணவாக்கியது. சாக்லேட் ஃபாண்டூ அங்கே தோன்றவில்லை. 1960-களின் நடுவில் நியூயார்க்கில் ‘ஷாலே சுவிஸ்’ என்ற உணவகத்தை நடத்திய கொன்ராட் எக்லி என்ற சுவிஸ்காரர் அறிமுகப்படுத்தியது அது. கடலை வெண்ணெயும் சாக்லேட்டும் அதற்கு முன்பே கைகோத்துவிட்டன. அமெரிக்காவில் ரீஸ் என்பவர் இரண்டையும் சேர்த்துச் சின்னக் கிண்ண வடிவில் மிட்டாய் போட்டது 1928-ல்.

குளிர்நாட்டில் ஃபாண்டூ பாத்திரத்துக்கு அடியில் சின்ன அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேசிக்கொண்டிருக்கும்போதே இறுகிவிடும். இங்கே அந்தக் கவலை இல்லை. கடலை வெண்ணெயிலுள்ள கடலை எண்ணெய் நம் அறைவெப்பத்தில் உறையாது. கோகோ வெண்ணெயுடன் அது கலந்துவிட்டால் மொத்தக் கலவையும் இறுகத் தயங்கும். இறக்கிவைத்து ஒரு மணி நேரம் ஆனாலும் தோய்க்கும் பதத்திலேயே நிற்கும். அகலமான பாத்திரத்தில் சுடுதண்ணீர் ஊற்றி அதற்குள் கிண்ணத்தை உட்காரவைத்தால் இன்னும் நல்லது. இதற்கென்று தனியாகச் சாமான் வாங்க வேண்டாம்.

முதலில் கடலையைப் பார்த்துவிடுவோம். பாட்டிலில் கிடைக்கும் கடலை வெண்ணெய் பலவற்றில், எண்ணெய் பிரிந்து மிதக்காமலிருக்க, கெட்டிப்படுத்திய தாவரக் கொழுப்பைச் சேர்த்திருப்பார்கள். சர்க்கரையும் இருக்கும். அவசரத்துக்கு அது போதும். ஆனால் வீட்டில் மிக்ஸி இருக்கிறது, கடலை கிடைக்கிறது, அரைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கட்சி. வேர்க்கடலை, நிலக்கடலை, மல்லாட்டை, மணிலா என்று எந்த மாவட்டத்திலிருந்து கப்பலேறி வந்தோமோ அந்த மாவட்டத்துப் பெயரில் இங்கேயும் கேட்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தீவுகளின் மக்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்குத் தமிழ் தாய்மொழி. தென்னாற்காடு, வடாற்காடு வழியில் வந்த குடும்பங்களுக்குக் கடலை புதிதல்ல. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்களும் விருத்தாசலத்தின் வி.ஆர்.ஐ. ரகங்களும் விளைந்த மண் அது.

இங்கே கடையில் கடலை வாங்கும்போது கண்ணை நன்றாகத் திறந்துகொள்ளுங்கள். சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். பயணிகள் கப்பலுக்கே ஏறக்குறைய மூன்று நாள். சரக்கு கப்பலில் இருந்து, கிடங்கில் இருந்து, கடையில் மூட்டை பிரித்து வைத்த பிறகு நம் கைக்கு வருகிறது. இத்தனையும் இந்த ஈரக்காற்றில். நமுத்த கடலையை வறுத்துச் சரிசெய்துவிடலாம். காறல் அடித்ததை எதுவும் செய்ய முடியாது, சாக்லேட்டின் மணத்தையும் அது கெடுத்துவிடும். நான்கைந்து பருப்பை அங்கேயே மென்று பார்த்து வாங்குங்கள்.

பூஞ்சை பிடித்த கடலை இன்னும் மோசம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் போனபோது, தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை இருந்தது தெரியவந்தது. அந்தப் பூஞ்சை சுரக்கும் நஞ்சுக்குத்தான் அஃப்லடாக்சின் என்று பெயர். கல்லீரலைத் தாக்கும், தொடர்ந்து உள்ளே போனால் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுவதும் போகாது. அதனால் வறுப்பதற்கு முன் கடலையை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பொறுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, மேலே பச்சையாகவோ சாம்பலாகவோ தூள் படிந்தது எதையும் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். பாதிக் கடலை அப்படி இருந்தால் மொத்தத்தையும் விட்டுவிடுங்கள். காசு போனால் போகட்டும்.

பொறுக்கிய கடலையை அடிகனமான இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். தீயைக் கூட்டினால் தோல் கருகும், உள்ளே பச்சை வாடை போகாது. ஒரு பருப்பை இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்பக்கம் இளம் பொன்னிறமாகியிருந்தால் இறக்கிவிடலாம். கைபொறுக்கும் சூட்டில் தேய்த்து, முறத்தில் புடைத்தால் தோல் பறந்துவிடும். ஆறட்டும் என்று அரைமணி நேரம் திறந்து வைக்காதீர்கள், இந்தக் காற்றில் மறுபடி நமுத்துவிடும். இளஞ்சூடாக இருக்கும்போதே மிக்ஸியின் சின்ன ஜாரில் போடுங்கள்.

அரைக்கும்போது பொறுமை வேண்டும். முதலில் பொடியாகும். பிறகு ஜாரின் சுவரில் அப்பிக்கொண்டு, பிளேடு மட்டும் வெறுமனே சுற்றும். இந்த இடத்தில்தான் பலருடைய கை தண்ணீர்ச் செம்பை நோக்கிப் போகிறது. சட்னி அரைத்துப் பழகிய கை அல்லவா? ஒரு சொட்டுக்கூட ஊற்றக்கூடாது. கடலையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய், கால்பங்கு புரதம். எண்ணெய் இன்னும் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். நிறுத்தி, வழித்து விட்டு, மிக்ஸி ஆற இரண்டு நிமிடம் கொடுத்து, மறுபடி ஓட்டுங்கள். இப்படி நான்கைந்து முறை. உடைந்த பருப்பின் எண்ணெய் வெளிப்பட்டு, திடீரென்று மொத்தமும் இளகிப் பளபளப்பாகச் சுழல ஆரம்பிக்கும். இடையில் தண்ணீர் ஊற்றியிருந்தால் அதைப் புரதமும் மாவுச்சத்தும் உறிஞ்சிக்கொண்டு, விழுது களிபோல இறுகியிருக்கும். சீக்கிரம் கெட்டும் போகும். ஒரு சிட்டிகை உப்பு மட்டும் போதும்.

அடுத்தது பால். வெளிநாட்டுச் செய்முறைகளில் எல்லாம் க்ரீம் என்று எழுதியிருக்கும். நல்ல க்ரீம் இங்கே எப்போதும் கிடைக்கும் சரக்கு அல்ல, கிடைத்தாலும் குளிர் விடாமல் வீடு வந்து சேர வேண்டும். தேங்காய்க்கு அந்தக் கவலை உண்டா? க்ரீம் செய்யும் வேலை, கொழுப்பும் தண்ணீரும் ஒன்றில் ஒன்று கலந்து நிற்பது. கெட்டியான முதல் பாலும் அதையேதான் செய்கிறது. தேங்காய் மணம் சாக்லேட்டோடும் கடலையோடும் சண்டை போடாது, கடலை மிட்டாயில் தேங்காய்ப்பூ போட்டுத் தின்றவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தேங்காய்ப்பாலைக் கையாளும் பக்குவமும் நம் அடுக்களையில் இருக்கிறது. திருநெல்வேலிச் சொதி வைக்கிறவர்களுக்குத் தெரியும். 1964-ம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி, நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பங்களுக்கும் தெரியும். முதல் பால் ஊற்றிய பிறகு கொதிக்க விடக்கூடாது. கொதித்தால் திரிந்துவிடும். ஃபாண்டூவுக்கும் அதே விதிதான்.

ஆறு பேருக்கு ஓர் அளவு சொல்கிறேன். கறுப்புச் சாக்லேட் 200 கிராம், முதல் பால் 175 மில்லி, கடலை வெண்ணெய் 100 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. சாக்லேட் வாங்கும்போது அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு போட்ட ‘காம்பவுண்ட்’ கட்டிகள் விலை குறைவு, வெயிலையும் கொஞ்சம் தாங்கும். கேக் அலங்காரத்துக்கு அவை சரி. ஃபாண்டூவில் அந்தக் கொழுப்பு வாயில் சட்டென்று கரையாமல் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டுகிறது. மில்க் சாக்லேட் போட்டால் தேங்காய்ப்பாலை 150 மில்லிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், அது தானே இளகியது.

சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, உலர்ந்த கிண்ணத்தில் போட்டு வையுங்கள். உலர்ந்த என்பதை இரண்டு முறை படிக்க வேண்டும். தேங்காய்ப்பாலைச் சின்னத் தீயில் வைத்து, ஓரத்தில் ஆவி கிளம்பி, குமிழி வரப்போகிறது என்னும்போது இறக்குங்கள். சாக்லேட் முழுகும்படி ஊற்றி, மூன்று நிமிடம் தொடாமல் விட்டுவிடுங்கள். பிறகு நடுவில் மட்டும் சின்ன வட்டமாகக் கிண்டுங்கள். முதலில் திட்டுத்திட்டாக, ஏதோ கெட்டுப்போனதுபோல் தெரியும். நிறுத்தாதீர்கள். நடுவில் கருகருவென்று மினுங்கும் ஒரு புள்ளி பிறக்கும். வட்டத்தை மெல்ல அகலமாக்கினால் அந்த மினுமினுப்பு விளிம்புவரை பரவும். கொழுப்புத் துளிகள் தண்ணீருக்குள் ஒரே சீராகக் கலந்துவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம். இப்போது கடலை வெண்ணெயையும் உப்பையும் சேர்த்துக் கலக்குங்கள். கரண்டியைத் தூக்கினால் நாடாவாக விழுந்து, ஒரு நொடி மேலே கோடாக நின்று மறைய வேண்டும். கெட்டியாக இருந்தால் சூடான தேங்காய்ப்பால் ஒவ்வொரு கரண்டியாக.

சாக்லேட்டில் தண்ணீரே படக்கூடாது என்பார்கள், இங்கே இவ்வளவு பாலை ஊற்றச் சொல்கிறேனே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சாக்லேட் என்பது கொழுப்புக்குள் மிதக்கும் நுண்ணிய சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும்தான். அதில் ஒரு தண்ணீர்ச் சொட்டு விழுந்தால், ஈரக்கையால் தொட்ட சர்க்கரை டப்பாவில் கட்டி கட்டுவதுபோல, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மொத்தமும் சொரசொரப்பாக இறுகிவிடும். ஆனால் எல்லாத் துகளையும் நனைத்து மிதக்கவிடும் அளவுக்குத் தண்ணீர் இருந்தால் கட்டி கட்ட வழியில்லை, கூழாகிவிடும். ஏறக்குறைய 60 கிராம் சாக்லேட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீராவது வேண்டும் என்பது சமையல்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதற்குக் கீழே போனால்தான் ஆபத்து. ஆவி பிடித்த மூடியிலிருந்து ஒழுகும் சொட்டு, கழுவி உதறிய கரண்டி, இந்த ஊரில் எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கும் கைத்துண்டு, எல்லாம் அந்தச் சொற்பத் தண்ணீரின் வகை. தனியாகச் சாக்லேட்டை உருக்கப் போனால் இவையெல்லாம் எதிரி. முதலிலேயே போதிய தேங்காய்ப்பால் சேர்த்துவிட்டால் பயமே வேண்டாம்.

இறுகிப்போனாலும் தூக்கிப் போடாதீர்கள். சூடான பாலோ தண்ணீரோ கரண்டி கரண்டியாக விட்டுக் கிண்டினால் பதத்துக்கு வந்துவிடும். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் தேங்கி நின்றால், சூடு அதிகமாகிவிட்டது அல்லது தண்ணீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கும் அதே மருந்து. கருகிய வாடை வந்துவிட்டால் மட்டும் மீட்க முடியாது.

கட்டிச் சாக்லேட்டே கடையில் இல்லாத வாரங்கள் வரும். கோகோ பொடி பெரும்பாலும் இருக்கும். 100 கிராம் கருப்பட்டியை அரை டம்ளர் இரண்டாம் பாலில் கரைத்து மண் போக வடிகட்டி, 50 கிராம் கோகோ பொடியைக் கட்டியில்லாமல் கலந்து, ஐந்து நிமிடம் கிண்டிக் கொதிக்கவிடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு அரை டம்ளர் முதல் பால், இரண்டு கரண்டி தேங்காயெண்ணெய், பிறகு கடலை வெண்ணெய். கோகோ பொடியில் கோகோ வெண்ணெய் பெரும்பகுதி பிழிந்து எடுக்கப்பட்டுவிட்டதால்தான் அந்தத் தேங்காயெண்ணெய். கருப்பட்டிக்கும் கோகோவுக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். கட்டிச் சாக்லேட் கையில் இருக்கும்போதும் சில வீடுகளில் இதைத்தான் கேட்பார்கள்.

தோய்ப்பதற்கு ஸ்ட்ராபெரி தேடி அலைய வேண்டாம். அதிகம் கனியாத நேந்திரம்பழம் வட்டமாக நறுக்கியது, அன்னாசித் துண்டு, வாணலியில் லேசாக வாட்டிய தேங்காய்ப் பத்தை, ரஸ்க், கல்லில் போட்டு எடுத்த பன். அன்னாசியைத் துணியில் ஒற்றி எடுத்தால் சாக்லேட் நன்றாகப் பிடிக்கும், வழுக்காது. சாறு ஒன்றிரண்டு சொட்டு உள்ளே விழுந்தால் பாதகமில்லை, காரணம் மேலே சொல்லிவிட்டேன். உப்புள்ள ஏதாவது ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். காரமில்லாத முறுக்கைத் தோய்த்துச் சாப்பிட்டவர்கள் பழத்தட்டுப் பக்கம் திரும்புவதில்லை. முறுக்கு டப்பாவையும் ரஸ்க் பாக்கெட்டையும் எல்லோரும் உட்கார்ந்த பிறகே திறக்க வேண்டும்.

ஒரே பாத்திரத்தில் பலர் கை நீட்டும் பண்டம் என்பதால் எச்சில் விஷயத்தை முன்னாலேயே பேசிவிடுவது நல்லது. ஒருமுறை தோய்த்ததை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், கடித்த மீதியை மறுபடி உள்ளே விடக்கூடாது. அதற்கேற்றபடி துண்டுகளைச் சின்னதாக நறுக்குவது பரிமாறுகிறவர் பொறுப்பு. குச்சி தோய்ப்பதற்கு, சாப்பிடுவதற்கு விரலோ கரண்டியோ. பெரியவர்களுக்கு இந்த முறை சங்கடமாக இருக்கும். அவர்களுக்குக் குழிக்கரண்டியால் எடுத்துத் தனித்தனிக் கிண்ணத்தில் கொடுத்துவிடுங்கள், அதே ருசிதான்.

இன்னொன்றையும் கூப்பிடும்போதே கேட்டுவிட வேண்டும்: யாருக்காவது கடலை ஒத்துக்கொள்ளாதா? தீவுக் குடியிருப்பில் ஒரு சுவருக்கு அப்பால் வங்காளி, இன்னொரு சுவருக்கு அப்பால் மலையாளி, மாடியில் நிக்கோபாரி என்று இருப்பார்கள். ஒருவர் வீட்டுப் பழக்கம் இன்னொருவருக்குத் தெரியாது. கடலை ஒவ்வாமை உள்ளவருக்குத் துளி உள்ளே போனாலும் மூச்சடைக்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி ஒருவர் வருகிறார் என்றால் அன்றைக்குக் கடலையே வேண்டாம். தனிப்பாத்திரம், தனிக்கரண்டி என்று சமாளிக்கப் பார்க்காதீர்கள், குச்சிகள் மாறிப்போகும். சாக்லேட்டும் தேங்காய்ப்பாலும் மட்டுமே போதும், கடலைக்குப் பதில் என்று வறுத்த எள்ளைத் தனியாகக்கூட வைக்காதீர்கள், அதற்கும் ஒவ்வாமை உண்டு. சின்னக் குழந்தைகள் இருந்தால் முழுக் கடலையை மேலே தூவி அழகுபார்க்கவும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் இறுகியிருக்கும். சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கிண்டினால் மறுபடி இளகும். இளக்க மனமில்லையென்றால் கரண்டியால் சுரண்டி உருண்டை பிடித்து, வறுத்த கடலைப்பொடியில் புரட்டிப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் கொடுக்கலாம். அதற்கு அடுத்த நாளைக்கு வைக்காதீர்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த பண்டம் இந்த ஊரில் அவ்வளவுதான் தாங்கும்.